மூடாமல் வைத்த கோப்பு

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டியிருக்கும் அந்தத் தனியார் கன்டெய்னர் யார்டுக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் உண்டு. அதன்மேல் எந்நேரமும் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கரால் ஓர் எண் எழுதியிருக்கும். டிரெய்லர் லாரியின் நம்பர் பிளேட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அவை.

டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்க அந்தச் சாலையில் இடமில்லை. போலீஸ் விரட்ட விரட்ட ஒன்று பெட்ரோல் பங்க் பக்கம் ஒதுங்கும், இன்னொன்று அரை கிலோமீட்டர் தள்ளிப் புளியமரத்தடியில் நிற்கும். ஆகவே வண்டிக்குப் பதிலாகப் பாட்டில் வரிசையில் நின்றது. யார்டிலிருந்து மைக்கில் எண்ணைக் கூப்பிட்டால் டிரைவர் வந்து தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டியை உள்ளே விடுவார். கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் பாட்டில் ஒரே ஓர் இடம் பின்னால் நகர்த்தப்படும். மறுபடியும் வரவில்லையா, மறுபடியும் ஓர் இடம். வரிசையிலிருந்து தூக்கவோ கடைசிக்கு அனுப்பவோ கூடாது. இந்த விதியை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவன் பாட்டிலைத் தொட்டு ஒருவன் உதை வாங்கிய கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சுவரை ஒட்டி டீயும் இறால் வடையும் விற்கும் கெங்கம்மா காத்திவாக்கத்துக்காரர். புருஷன் கழிமுகத்தில் பிடித்து வரும் இறாலில் சந்தைக்குத் தேறாத பொடி வடைக்கு வந்துவிடும். கேட்காமலேயே அந்தச் சுவருக்குக் காவலாளி ஆகிப்போனவர் அவர்.

ஏற்பாடு வெளியே நன்றாகத்தான் நடந்தது. சிக்கல் உள்ளே இருந்தது. அடுத்து எந்த வண்டி வரும், அதில் ஏற்ற வேண்டியது எந்தக் கன்டெய்னர் பெட்டி என்று கிரேன் ஓட்டுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. வண்டி கண்ணெதிரே வந்து நின்ற பிறகு, அதற்குரிய பெட்டி அடுக்கின் அடியில் இருந்தால், மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். வரிசை கணினியில் இருந்தால் பெட்டியை முன்பே எடுத்து வைத்துவிடலாம்.

இதைச் செய்கிறேன் என்று முன்வந்தவள் அன்புக்கரசி. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து வருபவள். பி.காம். படித்துவிட்டு மூன்று வருடமாக யார்டின் கேட் அறையில் வண்டி எண்களைப் பதிவு செய்கிறாள். ஒப்பந்த வேலை. பெரம்பூரில் மாலை வகுப்பு ஒன்றில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றிருந்தாள்.

பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்தால் கைக்கு வருவது கோப்பு அல்ல, கோப்பின் சார்பில் நிற்கும் ஒரு பொருள். எழுது, படி, மூடு என்று எதைச் சொல்வதானாலும் அந்தப் பொருளிடம் சொல்ல வேண்டும். கோப்பில் எதுவரை படித்தோம் என்பதும் அதற்குத்தான் நினைவிருக்கும். வகுப்பில் மற்றவர்கள் இதற்குத் திணறியபோது அன்புக்கரசிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. வண்டி எங்கோ நிற்க, அதன் சார்பில் பாட்டில் நிற்பதைத் தினமும் ஜன்னல் வழியே பார்ப்பவள் அவள்.

அவள் எழுதியவை இரண்டு நிரல்கள், அதாவது புரோகிராம்கள். ஒன்று கேட் அறையில் ஓடும். டிரைவர் எண்ணைச் சொன்னதும் அதைக் கோப்பில் எழுதும். இன்னொன்று டிரைவர்கள் உட்காரும் கொட்டகையில் மாட்டிய டிவிக்கு. அது அதே கோப்பைச் சில விநாடிக்கு ஒருமுறை முதலிலிருந்து படித்து வரிசையைத் திரையில் காட்டும். கிரேன் ஓட்டுபவரின் அறையிலும் அதே திரை.

மேனேஜர் வரதன் இதற்கு ஒத்துக்கொண்டபோது ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஜெயஸ்ரீ மேடம் வராங்க. பெங்களூர் கம்பெனி ஒண்ணு ரெடிமேடா ஒரு சிஸ்டம் விக்குது. அதை வாங்கினா கேட்ல என்ட்ரி போட ஆளே வேணாம். உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. உன்னோடது நல்லா ஓடினா உன்னையே உள்ள சிஸ்டம் அசிஸ்டென்டா எடுத்துக்கச் சொல்றேன். ஓடலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

வியாழக்கிழமை காலையில் வெள்ளோட்டம். வண்டிகள் வந்தன, டிரைவர்கள் எண் சொன்னார்கள், அன்புக்கரசி தட்டினாள். டிவியில் மேலே யார்டின் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

டில்லிபாபு என்ற டிரைவர் ஜன்னலுக்கு வந்தார். வியாசர்பாடிக்காரர். பேசாமல் இருந்தால் அவருக்கு வண்டி ஓட்ட வராது என்பார்கள்.

“இன்னா தங்கச்சி, டிவிய மாட்டிட்டு கேபிளு கட்ட மறந்துட்டீங்களா?”

“வரும்ணா. கொஞ்சம் இருங்க.”

“நம்பர் குட்த்து எவ்ளோ நேரம் ஆவுது. என் வண்டி அதுல கீதா இல்லியா?”

“கீதுணா. ஃபைல்ல ஏத்திட்டேன்.”

“உன் ஃபைல்ல ஏறி இன்னா, எங்க கண்ணுல ஏறலியே” என்றார் டில்லிபாபு. பிறகு கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “டேய், எல்லாம் பாட்டில வெச்சிட்டு வாங்கடா. டிவி இன்னிக்கு விரதமாம்.”

பாட்டில்கள் சுவருக்குத் திரும்பின. கெங்கம்மா வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். “நா இன்னியோட காவலுக்கு முழுக்கு போட்லாம்னு பாத்தேன். உட மாட்டீங்களே.”

அன்புக்கரசி நிரலை வரி வரியாகப் பார்த்தாள். தவறு ஒன்றும் தெரியவில்லை. இதே நிரல் நேற்று வீட்டில் ஓடியது. பத்து எண்களைத் தட்டினாள், நிரலை முடித்தாள், பத்தும் கோப்பில் இருந்தன. இன்று கோப்பைத் திறந்து பார்த்தால் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு வரதன் கொட்டகைப் பக்கம் வந்தார். டிவியைப் பார்த்தார், டிவிக்குக் கீழே படுத்துத் தூங்கும் ஒருவரைப் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு முடிவுக்கு வந்து நிரலை நிறுத்தினாள். முதலிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம்.

நிறுத்திய மறுகணம் கொட்டகையில் ஒரே விசில். எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து தட்டிய அத்தனை எண்களும் டிவியில் மேலிருந்து கீழ்வரை நின்றன. தூங்கியவர் எழுந்து தன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவசரமாக நிரலை மறுபடி ஓடவிட்டுப் புதிதாக வந்த நான்கு வண்டிகளின் எண்களைத் தட்டினாள். பழைய எண்கள் அப்படியே இருந்தன. புதியவை வரவில்லை.

டில்லிபாபு இதைக் கவனித்துவிட்டார். “தங்கச்சி, நீ கடைய மூடுனா வருது. தொறந்தா நின்னுடுது. பேசாம நீ வூட்டுக்குப் போய்டு. நாங்க இங்க ஷோக்கா பாத்துக்கறோம்.”

கொட்டகை சிரித்தது. அன்புக்கரசிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியில் நின்றது. மூடினால் வருகிறது. அப்படியானால் மூடும்வரை அந்த வரிகள் எங்கே இருக்கின்றன?

கைபேசியில் பைத்தானின் விளக்கப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். வகுப்பில் ஒருநாள் சொல்லித்தந்ததுதான். அன்று அதை ஒரு பெரிய விஷயமாக அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எழுது என்று சொன்னவுடன் அந்தப் பொருள் வட்டுக்கு ஓடுவதில்லை. வரிகளைத் தன் கையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். கை நிறைந்தால், அல்லது கோப்பை மூடினால், மொத்தமாகக் கொண்டுபோய் எழுதும். அவளுடைய வரிகள் சின்னவை. ஒரு நாள் முழுக்க வண்டி வந்தாலும் அந்தக் கை நிறையாது.

மூடு என்ற கட்டளையை அவள் நிரலின் கடைசி வரியில், மாலை ஷிஃப்ட் முடியும் இடத்தில் வைத்திருந்தாள். ஏன் அங்கே வைத்தோம் என்று யோசித்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே வேடிக்கையாக இருந்தது. அந்த யார்டில் கேட் பதிவை மூடினால் மூடினதுதான். அதற்குப் பிறகு ஒரு வண்டி உள்ளே வர வேண்டுமென்றால் மேனேஜர், செக்யூரிட்டி, சுங்க அலுவலர் என்று எல்லோரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் கேட்டில் உட்காரும் யாரும் கடைசி வண்டி வரும்வரை மூட மாட்டார்கள். காலையில் திறப்பது, மாலையில் மூடுவது. மூன்று வருடப் பழக்கம் விரல் வழியாக நிரலுக்குள் போய்விட்டது. கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம், யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

டீ வாங்கப் போனவள் முகத்தைப் பார்த்துக் கெங்கம்மா கேட்டார். “இன்னா கண்ணு, தானா சிரிச்சிகினு வர?”

“கண்டுபுட்சிட்டேங்கா. ஷேர் ஆட்டோ மாரி. நீ ஏறி குந்திட்ட, ஆனா சீட்டு ரொம்பற வரிக்கும் அவன் வண்டிய எடுக்க மாட்டான். நா எழுதுனதெல்லாம் ஏறி குந்திகினு கீது. ஆட்டோ கெளம்பல.”

“கெளம்புடான்னு சொல்றது?”

“அதான் சொல்லப் போறேன். ஒரு ஆளு ஏறுனாலே கெளம்பிடணும்.”

கெங்கம்மா யோசித்தார். “ஒரு ஆளுக்கு ஒரு ஆட்டோவா? கட்டுப்படி ஆவுமா?”

“கம்ப்யூட்டருக்கு டீசல் வேணாங்கா.”

“அப்ப சரி” என்று டீயை நீட்டினார் கெங்கம்மா.

பைத்தானில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. நிரலில் with என்று தொடங்கும் ஒரு பத்திக்குள் கோப்பைத் திறந்தால், அந்தப் பத்தி முடிந்ததும் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். நாம் மறந்தாலும் அது மறக்காது. அன்புக்கரசி ‘வரிசை’ என்று ஒரு பொருளைப் புதிதாக வடித்தாள். கோப்பைத் தொடும் வேலை முழுக்க அதனுடையது. வெளியிலிருந்து அதனிடம் சொல்லக்கூடியவை மூன்றுதான்: வந்தது, உள்ளே, தள்ளு. எதைச் சொன்னாலும் அது கோப்பைத் திறக்கும், கடைசியில் ஒரு வரி சேர்க்கும், மூடும். எழுதிய எதையும் அழிக்காது. டிவி அந்த வரிகளை முதலிலிருந்து படித்து, இப்போது யார் எங்கே நிற்கிறார் என்று கணக்கிட்டுக்கொள்ளும்.

மாலை நான்கு மணிக்குள் எண்ணைத் தட்டத் தட்ட டிவியில் எண் விழுந்தது. வரதன் வந்து நின்று பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு அவர் கண் ஓரிடத்தில் நின்றது.

“அது ஏன் ஒரு நம்பர் ஒரு இடம் கீழ இறங்குச்சு?”

“கூப்பிட்டப்ப டிரைவர் வரலை சார். அதான் தள்ளு போட்டேன்.”

“வரலைன்னா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு. இல்லைன்னா கடைசிக்கு அனுப்பு. அதுதானே டிசிப்ளின்? பெங்களூர்க்காரங்க டெமோலகூட அப்படித்தான் இருந்துது.”

“வெளிய சுவத்துல ஒரு எடம்தான் சார் தள்ளுவாங்க. இங்க வேற மாதிரி பண்ணா டிவிய நம்ப மாட்டாங்க. திரும்ப பாட்டிலுக்கே போயிடுவாங்க.”

“மேடம் பாத்துட்டு சிஸ்டம்ல தப்புன்னு நினைச்சா?”

கடைசிக்கு அனுப்புவது ஒரு வரி மாற்றம். அதைச் செய்தால் மேனேஜர் அவள் பக்கம். நாளை மேடம் ஒன்றும் கேட்க மாட்டார். “இப்படியே இருக்கட்டும் சார்” என்றாள் அன்புக்கரசி.

“உன் இஷ்டம். உன் ரிஸ்க்” என்றார் வரதன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெயஸ்ரீ வந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, கையில் தலைக்கவசம். காரில் வருவார் என்று கேட்டிலேயே காத்திருந்த வரதனைத் தாண்டி ஸ்கூட்டரில் உள்ளே போய்விட்டு, பிறகு அவரே திரும்பி வந்தார். நேராகக் கொட்டகைக்குப் போய் டிரைவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து டிவியைப் பார்க்கத் தொடங்கினார்.

எண்கள் வந்தன, போயின. உள்ளே கிரேன் அடுத்த பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு வண்டிக்காகக் காத்திருந்தது. வரதன் அதைச் சுட்டிக்காட்டி, “நாங்க யோசிச்சு பண்ணினது மேடம்” என்றார்.

“நாங்கன்னா?”

“அன்புக்கரசிதான் மேடம் பண்ணாங்க” என்றார் வரதன்.

அப்போது வரிசையின் தலைக்கு வந்தது டில்லிபாபுவின் எண். மைக்கில் கூப்பிட்டார்கள். அவர் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். கேட் அறையில் அன்புக்கரசி விரலை விசையின்மேல் வைத்தபடி சாலையைப் பார்த்தாள். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் பரவாயில்லை, இவரா என்றிருந்தது. தட்டினாள். டிவியில் டில்லிபாபுவின் எண் ஓர் இடம் இறங்கியது, இரண்டாவதாக இருந்தது மேலே ஏறியது.

ஜெயஸ்ரீ எழுந்து கேட் அறைக்கு வந்தார். “நம்பர் இடம் மாறிச்சே, அது பிழையா?”

“இல்ல மேடம். அவரு வரலை. ஒரு இடம் தள்ளியிருக்கேன்.”

“கடைசிக்குத்தானே போகணும்? லேட்டா வர்றவருக்கு ஏன் இந்தச் சலுகை?”

கூடவே வந்த வரதன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்புக்கரசி சொன்னாள். “போலீஸ் விரட்டுனா வண்டிய எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டு ஓடி வரணும் மேடம். அது அவரு தப்பு இல்ல. ஆனா அவருக்காக அடுத்தவரும் காத்திருக்க முடியாது. அதனால ஒண்ணே ஒண்ணு.”

அவள் சொல்லி முடிக்குமுன் டில்லிபாபு வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொட்டகையில் நின்று டிவியைப் பார்த்தார். தன் எண் இரண்டாவதாக இருப்பதைப் பார்த்தார். கொட்டகையில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வரதன் செக்யூரிட்டிக்குக் கண்ணைக் காட்டினார்.

ஜெயஸ்ரீ டில்லிபாபுவிடம் போனார். “உங்க இடம் போயிடுச்சு, பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“கோபம் வரலையா?”

“கோவப்பட்டு இன்னா பண்றது? கூப்ட்டப்ப நா இல்ல. போலீஸ்காரன் பேஜாரு பண்ணி வண்டிய அந்தாண்ட அனுப்பிட்டான். ஒண்ணு தள்ளி வெச்சிருக்குது. அவன் போனா அடுத்தது நான்.” துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு டிவியைக் காட்டினார். “நேத்து இது விரதம் இருந்தப்ப கலாய்ச்சது நாந்தான். இன்னிக்கு சரியா கீது. என்ன தூக்கி கடைசில போட்டிருந்தா, இந்நேரத்துக்கு இந்த டிவிக்கு மால போட்டு ஊதுவத்தி ஏத்தியிருப்போம்.”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. ஜெயஸ்ரீயும் சிரித்தார். பிறகு அவர் வரதனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது ஜன்னலருகே இருந்த அன்புக்கரசிக்குக் கேட்டது. “அந்தப் பெங்களூர் சிஸ்டத்தை நம்ம இன்னொரு யார்டுல சோதனைக்குப் போட்டோம். அது கடைசிக்குத்தான் அனுப்புது. இதுவரைக்கும் ரெண்டு டிவி உடைஞ்சாச்சு. டிரைவர்கள் முரடுன்னு எனக்கு ரிப்போர்ட் வந்துது.”

அவர் கேட் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிரலைக் காட்டச் சொன்னார். கோப்பு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒவ்வொரு வரியும் எழுதிய கையோடு மூடிவிடுவதால் அந்த ஒரு வரிக்கு மேல் தொலையாது என்றாள் அன்புக்கரசி. நேற்று மூடாமல் வைத்துப் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொன்னாள். ஜெயஸ்ரீ தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“திங்கள்கிழமைலேர்ந்து உள்ள சிஸ்டம் அசிஸ்டென்ட். நிரந்தர வேலை. இன்னிக்கே ஆர்டர் போடச் சொல்றேன்” என்றார் எழுந்துகொண்டே. “டிவி உடைஞ்ச யார்டுக்கும் இதையே போட்டுடலாம். ரெண்டு நாள்ல முடியுமா?”

அன்புக்கரசி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “முடியும் மேடம். ஆனா முதல்ல அந்த கேட்ல ஒரு நாள் நிக்கணும்.”

“எதுக்கு? இது ரெடியாத்தானே இருக்கு?”

“கூப்பிட்டு வரலைன்னா அங்க இன்னா பண்றாங்கன்னு தெரியாதே மேடம்.”

ஜெயஸ்ரீ வரதனைப் பார்த்தார். வரதனுக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்ற டில்லிபாபுதான் சொன்னார்.

“அங்க பாட்டில் கெடியாது மேடம், செருப்பு. ஆளு வரலன்னா செருப்ப கவுத்து வெச்சிடுவானுங்க. எடம் அப்டியே கீது, ஆனா கூப்ட மாட்டான். அந்தாளு வந்து பின்னாடி நிக்கறவனுக்கு டீ வாங்கிக் குட்த்தாதான் செருப்ப நிமித்துவானுங்க.”

அன்புக்கரசி மேசையிலிருந்து ஒரு துண்டுத்தாளை இழுத்தாள். “அப்ப இன்னும் ரெண்டு கட்டளை வேணும். கவுத்து ஒண்ணு, நிமித்து ஒண்ணு.”

“டீ வாங்கிக் கொடுத்துட்டார்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் ஜெயஸ்ரீ.

“அதான் மேடம் யோசிக்கிறேன்” என்றாள் அவள்.

மைக்கில் டில்லிபாபுவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினார்.